சிற்றதிர்ச்சியும் சரியக் காத்திருக்கும் மலையும்

மூதூரிலிருந்து தெற்கே வெருகலை நோக்கிச் செல்லும் பாதையில், கண்ணுக்கெட்டிய தூரமட்டும் நெல்வயல்களே விரிந்து கிடக்கும் கிளிவெட்டியில் இருந்துகொண்டு, மலை இடிவதைப் பற்றியும் மண் சரிவதைப் பற்றியும் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்குப் பொருந்தாக் காரியமாகத் தோன்றலாம். ஆயினும், மத்திய மலைநாட்டிலே பிறந்து, கண்டியையும் மகியங்கனையையும் கடந்து, 335 கிலோமீற்றர் தூரம் ஓடி, ஈற்றில் எங்கள் அயலிலே கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலி கங்கை, மலைநாட்டின் சுகதுக்கங்களையெல்லாம் எங்கள் வாய்க்கால் வரையிலும் சுமந்துகொண்டு வருகிறது. பெரும்போகப் பயிர் பச்சை பிடித்து நிற்கும் கார்த்திகை மாதத்தில், அதுவரை சற்றே கலங்கலாக வந்த தண்ணீர் ஒரே இரவில் செம்மண் குழம்பாக மாறி வருமானால், மேலே எங்கோ மலை இடிந்திருக்கிறது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைச் சிறு பிராயம் முதற்கொண்டே கேட்டு வளர்ந்தவன் நான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டின்மீது வந்து, 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளைகொண்டு, கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய பிரதேசங்களின் சரிவுகளைக் கீறிப் போட்ட அதே நாட்களில்தான், இங்கே மாவிலாற்றுக் கட்டும் உடைந்து, மூதூர், சேருவில், வெருகல் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. மலையின் நோய் சமவெளிக்கு அந்நியமானதன்று.

மண்சரிவுக்குக் காரணம் மழை என்பதை இன்று குழந்தையும் அறியும். ஆனால் மழையைத் தவிர இன்னொரு காரணமும் உண்டென்பதையும், அந்தக் காரணம் இந்நாட்டில் அண்மைக் காலமாக அடிக்கடி தலைகாட்டி வருகிறதென்பதையும் நாம் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை. 2020 ஓகஸ்ட் 29ஆந் திகதி இரவு, விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய திகண, அனுரகம, ஹாரகம ஆகிய இடங்களில் நிலம் அதிர்ந்து வீட்டுச் சுவர்களில் வெடிப்புகள் தோன்றியபோது, அது ரிக்டர் அளவையில் 2 அளவினதேயான சிற்றதிர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அதே பிரதேசத்தில் மேலும் சில அதிர்ச்சிகள் உணரப்பட்டன. 2023 பெப்ரவரியில் புத்தள, வெல்லவாய பகுதிகளில் நிலம் பலமுறை நடுங்கியது. அதே ஆண்டில் எங்கள் திருகோணமலை மாவட்டத்துக் கோமரங்கடவலையிலும் 3 அளவில் ஓர் அதிர்ச்சி பதிவாயிற்று. ஒவ்வொரு முறையும் மக்களுக்குக் கிடைக்கும் செய்தி ஏறத்தாழ ஒன்றுதான்: அதிர்ச்சி சிறியது, பீதி கொள்ள வேண்டியதில்லை. அச்செய்தி பொய்யன்று, ஆனால் அது பாதி உண்மை. அதிர்ச்சி எவ்வளவு சிறியது என்பதை மாத்திரம் அளந்து சொல்லிவிட்டு, அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்ட சரிவு எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவதனால், நாம் தராசின் ஒரு தட்டை மாத்திரமே பார்த்து நிறை சொல்கிறோம் என்பதே என் கருத்து.

இதை விளக்குவதற்கு நான் தூரதேசம் போக வேண்டியதில்லை. நெல் விளையும் ஊர்களில் அறுவடை முடிந்ததும் மூட்டைகளைக் கொட்டிலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அடுக்குகிறவன் கைகாரனாக இருந்தால், ஆளுயரத்துக்கு மேற்பட்ட அடுக்கும் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். ஆனால் தரையில் ஈரங் கசிந்து, அடி மூட்டை ஒன்று சற்றே இளகி, அடுக்கு முழுவதும் ஒரு விரற்கடை சாய்ந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது விழுவதில்லை. சாக்கோடு சாக்கு உரசிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பின்னொரு நாள் தெருவிலே உழவு இயந்திரம் ஒன்று கடகடவென்று போகிறது. மேல் மூட்டை நழுவுகிறது. அதைத் தொடர்ந்து வரிசையே சரிகிறது. முந்நூறு நாளும் அதே இயந்திரம் அதே தெருவில் போய்வந்ததுதான். அந்த நாட்களிலெல்லாம் விழாத மூட்டை இன்று விழுந்தது இயந்திரத்தின் பலத்தினாலன்று, அடுக்கின் தளர்ச்சியினால். எங்கள் வீட்டுக் கொட்டிலில் இப்படி ஒரு முறை நடந்ததை நான் என் கண்ணாலே கண்டிருக்கிறேன். மலைச்சரிவுகளைப் பற்றிப் பூமிசாஸ்திரிகள் எழுதியவற்றைப் பிற்காலத்தில் வாசித்தபோதெல்லாம் அந்தக் கொட்டிலே என் நினைவில் வந்து நின்றது.

இந்த விஷயத்தைப் பிரமாணத்தோடு ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் புவியியலாளர் டேவிட் கீஃபர். சரித்திரத்தில் பதிவான 40 பூமியதிர்ச்சிகளையும், அவற்றினால் உண்டான சரிவுகளையும் எடுத்து ஆராய்ந்து, 1984ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவுகள் இன்றும் இத்துறையில் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. பாறைகள் உதிர்ந்து விழுவதற்கும், பாறைத் துண்டங்கள் வழுக்கி இறங்குவதற்கும், செங்குத்தான கரைகளிலிருந்து மண் இடிந்து விழுவதற்கும் 4 அளவினதான அதிர்ச்சியே போதுமென்றும், ஈர மண் குழம்பாகி ஓடுவதற்கு 5 அளவாவது வேண்டுமென்றும், ஒரு பெருமலையின் பாகமே பெயர்ந்து வருவதற்கு 6 அளவு வேண்டுமென்றும் அவர் கண்டார். இந்த அளவையில் ஒரு படி ஏறினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு ஏறுகிறது. இரண்டு படி ஏறினால் ஆயிரம் மடங்காகிறது. எனவே திகணையில் உணரப்பட்ட அதிர்ச்சி, கீஃபர் வகுத்த 4 என்ற கீழெல்லையில் நிற்கும் அதிர்ச்சியின் பலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே உடையது. மக்களுக்கு வீண் பயம் ஊட்ட நான் விரும்பவில்லையாதலால் இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதே கீஃபர், ஒரு சரிவு ஏற்கெனவே விழும் தறுவாயில் இருக்குமானால், இந்த எல்லைக்குக் கீழ்ப்பட்ட அதிர்ச்சியும் அதை வீழ்த்தக்கூடுமென்று கூறத் தவறவில்லை. எண்களை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தப் பின்வாக்கியத்தைத்தான். எங்கள் நாட்டுக்கோ அதுவே தலைவாக்கியம்.

மண்ணைக் காட்டிலும் பாறை முதலில் விழுவது ஏன் என்பதும் சிந்திக்கத்தக்கது. தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரே பிண்டமாகத் தோன்றும் மலைப்பாறை, கிட்டச் சென்று பார்த்தால், குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பிளவுகளினால் கட்டிகட்டியாகப் பிரிந்து கிடப்பது புலனாகும். அப்பிளவுகளில் மழைநீர் இறங்குகிறது. மரத்தின் வேர் நுழைகிறது. பகல் வெயிலில் கல் விரிந்து இரவுக் குளிரில் சுருங்குகிறது. வருஷத்துக்கு நூல் அளவாகப் பிளவு அகலுகிறது. கடைசியில் ஒரு கட்டி தன் பாரத்தினாலும் ஒரு சிறு கல் முனையின் பிடிப்பினாலும் மாத்திரமே நிலைகொண்டிருக்கும் காலம் வருகிறது. மண் குழைந்து கொடுக்கும். பாறைக்கு அந்தக் குணம் இல்லை. பிடிப்பு அற்ற கணமே வீழ்ச்சிக் கணமாகிறது. சிறிய அதிர்ச்சிகளோ பெரும்பாலும் கணப்பொழுதில் முடியும் விரைந்த துடிப்புகளாகவே வருகின்றன. முறியும் இயல்புடைய பொருளுக்கு அத்தகைய துடிப்பே போதுமானது. மேலும், சமதரையிலும் பார்க்க மலையின் முகட்டிலும் முனையிலும் அதிர்வு மிகுந்து உணரப்படுமென்பது அளந்து அறியப்பட்ட உண்மை. அடிவாரத்து வீட்டில் பாத்திரம் கிணுங்கும் அளவே நடுங்கிய அதே நொடியில், உச்சியிலே தொங்கிக்கொண்டிருக்கும் கல் அதனினும் பலமாக ஆட்டப்படுகிறது.

நடுத்தர அதிர்ச்சியொன்று என்ன செய்யக்கூடும் என்பதற்கு 1980 மே 18ஆந் திகதி அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையில் நிகழ்ந்ததை விட உறுத்தலான சாட்சி இல்லை. எரிமலையாகிய அம்மலையின் வடபுறச் சரிவு, உள்ளிருந்து ஏறிய கற்குழம்பின் நெருக்கத்தினால் இரண்டு மாத காலமாக நாள்தோறும் மீற்றர் கணக்கில் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. அன்று காலை 5.1 அளவினதான ஓர் அதிர்ச்சி எழுந்தது. உலகத்தில் ஆண்டுதோறும் அந்த அளவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அதிர்ச்சிகள் நிகழ்கின்றன, அவற்றுட் பெரும்பாலானவை பத்திரிகையில் ஒரு வரிக்கும் உரியனவாவதில்லை. ஆனால் அன்று அந்த அதிர்ச்சியைத் தொடர்ந்து மலையின் வடபுறம் முழுவதுமே பெயர்ந்து கீழே இறங்கியது. மனிதர் பதிவு செய்துள்ள சரிவுகளுள் அதுவே மிகப் பெரியது. அதே 5.1 அளவு, பிதுங்காத வேறொரு மலையின்கீழ் எழுந்திருந்தால் சில கற்கள் உருண்டிருக்கும், அவ்வளவே.

இனி எங்கள் நாட்டுப் பாறையின் குணத்தைப் பார்ப்போம். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட நிலம் கேம்பிரியன் காலத்துக்கு முற்பட்ட மிகப் பழைய பாறைகளால் ஆனது. பழையதும் இறுகியதுமான அத்தகைய நிலத்தில் அதிர்வலை தன் பலத்தை எளிதில் இழப்பதில்லை. கோயில் மணியின் ஓசை போல நெடுந்தூரம் செல்கிறது. 2011 ஓகஸ்ட் 23ஆந் திகதி அமெரிக்காவின் கிழக்குப் பகுதியாகிய வர்ஜீனியாவில், அதேவிதமான பழைய நிலத்தில், 5.8 அளவினதான அதிர்ச்சி நிகழ்ந்தபோது, மையத்திலிருந்து 245 கிலோமீற்றர் தூரத்திலும் பாறைகள் உதிர்ந்து கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த அளவுடைய அதிர்ச்சிக்கு அவ்வளவு தூரம் எட்டுமென்று அதற்கு முன் எவரும் எண்ணியிருக்கவில்லை. கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு நேர்கோட்டில் உள்ள தூரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். 'நமது நாடு ஸ்திரமானது. பூகம்பம் இந்தோனேசியாவின் காரியம்' என்று சொல்லி மன ஆறுதல் கொள்கிறவர்கள், ஸ்திரமான நிலத்தின் இந்த மறுபக்கத்தையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

எங்கள் பிரதேசத்துக்கு இவ்விஷயத்தில் தனியானதொரு சம்பந்தமும் உண்டு. இந்நாட்டுப் பழம்பாறைகளைப் புவியியலாளர் உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்று பகுத்து, ஆதி காலத்தில் இரு நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பொருந்திய தழும்பாக அவற்றின் எல்லையைக் கருதுகிறார்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும், மகாஓயா முதலிய இடங்களின் வெந்நீரூற்றுகளும் அந்த எல்லையை அண்டியே அமைந்திருக்கின்றன. எங்கள் அயலூராகிய சேருவிலையில் அரிப்பு என்னும் இடத்தில் 1971ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட செம்பும் காந்தக் கல்லும் கலந்த கனியப் படிவும் அந்த எல்லையின்மேலேயே இருக்கிறது. புதைந்த வழிகளினூடே ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் சூடேறி மீண்டும் மேலே வருகிறது என்பதே வெந்நீரூற்றின் தத்துவம். ஆகவே கன்னியாவில் தீர்த்தமாடுகிறவன், அந்நிலத்தில் ஆழ்ந்த பிளவுகள் உண்டென்பதற்கான பிரத்தியட்சச் சாட்சியத்திலேயே நீராடுகிறான். இதனால் நாளையே பூகம்பம் வருமென்று சொல்லிவிட முடியாது; அந்தத் தழும்பு கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னரே ஆறியது. ஆனால் நிலத்தின் அங்க அமைப்பை அறிந்துவைத்திருப்பது அச்சத்தின் காரியமன்று, விவேகத்தின் காரியம்.

நீர்த்தேக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மராட்டிய நாட்டுக் கொய்னா அணையில் 1962 முதல் நீர் தேங்கத் தொடங்கிய பின், அதுவரை அமைதியாயிருந்த பிரதேசத்தில் சிற்றதிர்ச்சிகள் பெருகி, 1967 டிசம்பரில் 6க்கு மேற்பட்ட அளவில் ஒரு பேரதிர்ச்சி நிகழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. தேங்கிய நீரின் பாரமும் பிளவுகளில் அதன் ஊடுருவலுமே அதைத் தூண்டின என்பது அறிஞர்களின் முடிபு. திகண அதிர்ச்சிகளின்போதும், 1985இல் திறந்துவைக்கப்பட்ட 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையின் பெயர் அடிபட்டதற்குக் காரணம் இந்தப் பழைய அனுபவமே. அயலிலுள்ள சுண்ணக்கல் அகழ்வுகளின் பெயரும் அப்போது அடிபட்டது.

என் மனத்தை மிகவும் வருத்துவது இன்றைய மலைநாட்டின் நிலை. டித்வாவுக்குப் பின்னர், முழுவதும் சரிந்து முடிந்த இடங்களைப் பற்றிப் பெரிதாகக் கவலை கொள்ள வேண்டியதில்லை. விழ வேண்டியது விழுந்துவிட்டது. பாதி சரிந்து, உச்சியில் பிறை வடிவில் வெடிப்பு வாய் பிளந்து, மரங்கள் சாய்ந்து நிற்க, அப்படியே தங்கிவிட்ட சரிவுகளே அபாயமானவை. அவையே ஈரத்தில் சாய்ந்த மூட்டை அடுக்குகள். அவற்றின்கீழ் லயன் வீடுகளில் வாழ்கிறவர்கள் யார் என்பதை நாம் அறிவோம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணுக்குள் புதைந்துபோனபோது, அந்தச் சரிவு அபாயமானதென்று 2005இலும் 2011இலும் முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்த செய்தி பிறகுதான் ஊரறிய வெளிவந்தது. அறிவு இருந்தது, அந்த அறிவு லயத்து வாசற்படி வரையில் போய்ச் சேர்ந்து, குடும்பத்துக்கு ஒரு மாற்று நிலமாக உருக்கொள்ளவில்லை. மீரியபெத்தையை வீழ்த்தியது மழைதான், அதிர்ச்சியன்று. ஆனால் அந்த நிலையில் நின்ற சரிவுக்கு மழையென்றும் அதிர்ச்சியென்றும் பேதம் ஏது?

மலையே இல்லாத எங்கள் பக்கத்திலும் ஜனங்கள் சரிவின்கீழ் வாழ்கிறார்கள். அந்தச் சரிவுக்குக் குளக்கட்டு என்று பெயர். குளக்கோட்டன் கட்டியதென்று எங்கள் மரபு போற்றும் கந்தளாய்க் குளத்தின் கட்டு, 1986 ஏப்ரல் 20ஆந் திகதி அதிகாலையில் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பூமியதிர்ச்சி காரணமன்று. ஆயினும் மண்ணால் கட்டி, நீரில் ஊறி, பாரந் தாங்கி நிற்கும் எந்தக் கட்டும் அதிர்வுக்கு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அறிய விரும்புகிறவன், மூதூர்க் கடற்கரையில் ஈர மணலில் காலைத் தொடர்ந்து தட்டிப் பார்க்கட்டும். சற்று முன் கெட்டியாயிருந்த மணல் கூழாகி, நீர் மேலே கசிந்து, கால் உள்ளே போவதைக் காண்பான். 2001 ஜனவரியில் குஜராத்தின் பூஜ் பூகம்பத்தின்போது மண்ணணைகள் பல இவ்வண்ணமே இளகிப் பிளந்தன. அங்கே வறட்சியினால் நீர் மிகக் குறைந்திருந்தபடியால் பெருவெள்ளம் தப்பியது. அது பேரதிர்ச்சி என்பது உண்மை. எங்கள் குளங்களோ மார்கழியில் விளிம்பு தொட்டு நிற்பவை என்பதும் உண்மை.

மலை என்று சொல்லக்கூடியது எங்களுக்கு ஒன்றே ஒன்று உண்டானால் அது கோணேசர் வீற்றிருக்கும் சுவாமி மலைதான். கடலிலிருந்து முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாக எழும் அந்தப் பாறையையே பெயர்க்க முயன்ற இராவணனின் வாள் வெட்டியதென்று கர்ணபரம்பரையாகச் சொல்லப்படும் இராவணன் வெட்டைக் காணாத சைவன் இம்மாவட்டத்தில் இருக்க மாட்டான். பக்தன் அதில் புராணத்தைக் காண்கிறான், நானும் காண்கிறேன். கல்லின் இயல்பை அறிந்தவன் அதே இடத்தில், ஒரு பெரும் பிளவு வழியே பாறை பிரிந்திருப்பதையும் காண்கிறான். இரண்டு பார்வையும் ஒன்றையொன்று மறுப்பதில்லை; மலை அசையக்கூடியது என்ற எண்ணம் எங்கள் முன்னோருக்கு அந்நியமாயிருக்கவில்லை என்பதற்கு அந்தக் கதையே அத்தாட்சி. அதன் ஓரத்துப் பாதையில் வெள்ளிக்கிழமைதோறும் குழந்தை குட்டிகளோடு அடியார்கள் ஏறிப் போகிறார்கள். மாவட்டத்தின் வேறு குன்றுகளிலோ கருங்கல் உடைப்பதற்காக வெடி வைக்கிறார்கள். பூமி தானாக அதிர்வதைத் தடுக்க நம்மால் இயலாதென்றாலும், நாமே உண்டாக்கும் அதிர்வை எந்தக் குன்றுக்கு, எந்த மாதத்தில், எவ்வளவு தூரத்தில் அனுமதிப்பது என்பது முழுவதும் நம் கையில் உள்ள காரியம். வடகீழ்ப் பருவமழை பெய்து பிளவுகளில் நீர் நிரம்பியிருக்கும் மாதங்களில், குடியிருப்புகளுக்கு மேலே தொங்கும் பாறைகளின் அயலில் வெடி வைக்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அதிர்ச்சியை அளப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் வேலை. பல்லேகலையிலும் மகாகனதராவையிலும் ஹக்மனையிலும் அதன் கருவிகள் இருக்கின்றன. சரிவுகளைப் பரீட்சித்து எச்சரிப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. அது மழையின் அளவைக் கொண்டு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று படிப்படியாக எச்சரிக்கை விடுக்கிறது. இரண்டும் திறமையுள்ள ஸ்தாபனங்களே. நான் கேட்பது, ஓர் அதிர்ச்சி பதிவான அதே மணித்தியாலத்தில், அதன் சுற்றுவட்டத்தில் எந்தெந்தச் சரிவுகள் ஏற்கெனவே செம்மஞ்சளிலோ சிவப்பிலோ இருக்கின்றன, எங்கெங்கே பழைய வெடிப்புகள் உள்ளன என்ற விபரமும் சேர்ந்து ஒரே அறிவித்தலாக, சிங்களத்தில் மாத்திரமன்றித் தமிழிலும், கிராம உத்தியோகத்தரின் கைக்கு வர வேண்டும் என்பதுதான். 'அதிர்ச்சி சிறியது' என்ற வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியமாக, 'இன்னின்ன லயத்தின் மேலுள்ள வெடிப்பை நாளைக் காலை போய்ப் பாருங்கள். அகன்றிருந்தால் 117க்கு அறிவியுங்கள்' என்று இருக்குமானால், அந்த இரவு ஒரு தாய் தன் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கு அவளுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.

எங்கள் மாவட்டத்துக்கு நான் கேட்பது இதனினும் சிறியது. அதிர்ச்சி எந்த இரவிலும் வரலாம். வடகீழ்ப் பருவமோ ஐப்பசியில் தவறாது தொடங்கிவிடும். அதற்கு முன்பாகக் கந்தளாய்க் கட்டு, மாவிலாற்றுக் கட்டு, அல்லைக் குளக்கட்டு, சுவாமி மலைப் பாதை, வெடி வைக்கும் குன்றுகளின் அடிவாரத்துக் குடியிருப்புகள் ஆகியவற்றைக் கால்நடையாகவே சுற்றி வந்து, ஒவ்வொரு வெடிப்பின் இரு கரையிலும் ஒவ்வோர் ஆணி அடித்து, இடைத்தூரத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதிவைத்து, ஒவ்வோர் அதிர்ச்சிக்கும் ஒவ்வொரு பெருமழைக்கும் பின்னர் மீண்டும் அளந்து பார்ப்பதற்கு, விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்து உத்தியோகத்தர் ஒருவரும், ஊர் நிலையறிந்த வட்டவிதானையார் ஒருவரும், கூடமாட இரண்டு இளைஞரும், ஒரு வார காலமும் போதும்.